எம்.டி.க்களுக்கான மாசாந்திர க்ரூப் மீட்டிங்: கட்டின ஃபீஸுக்கு வொர்த்தா?

கோயம்புத்தூர்ல சின்ன, நடுத்தர கம்பெனி ஓனருங்கள மாசம் ஒரு தடவ அரை நாள் உக்கார வச்சு பேச வைக்கிற ஒரு சர்வீஸ்ல சேந்திருக்கேன். அதெல்லாம் தேவையா, காசு புடுங்கற வேலையான்னு வாட்ஸ்அப்ல கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு மாளல, அதனால ஒரே இடத்துல எழுதிடறேன். நடத்துற கம்பெனி பேர் போடல. குறையும் சொல்லப்போறேன், அதுவுமில்லாம உள்ள பேசினது வெளிய போகக்கூடாதுன்னு எல்லாரும் கையெழுத்து போட்டிருக்கோம். கீழ வர்ற கதைங்க எல்லாம் ஆள் அடையாளம் தெரியாத மாதிரி மாத்தி, அவங்கவங்ககிட்ட கேட்டுட்டு எழுதறதுதான்.

நமக்கு கணபதி பக்கம் மெஷின் ஷாப்புங்க. பம்ப் கம்பெனிங்களுக்கு காஸ்டிங் மெஷினிங் பண்ணி குடுக்கறோம், கொஞ்சம் வால்வ் பாடியும் ஓடுது. விசிட்டிங் கார்டுல மேனேஜிங் டைரக்டர்னு இருக்கும், ஆனா ஸ்டோர்ஸ் பையன் லீவு போட்டா டெலிவரி சலான் எழுதறதும் நாந்தான். இந்த சைஸ் கம்பெனி நடத்தறவனுக்கு இந்த க்ரூப் எப்படி இருக்குங்கறது மட்டும்தான் இந்த ரிவ்யூ, ஆயிரம் கோடி கம்பெனி சிஇஓங்க யாராச்சும் படிச்சா மன்னிச்சுக்கோங்க.

ஐடியா புதுசு இல்ல. அமெரிக்காவுல ஒய்பிஓன்னு இளம் கம்பெனித் தலைவர்களுக்கு 1950லயே ஆரம்பிச்சுட்டாங்க, 1957ல மில்வாக்கில ஒருத்தர் சில முதலாளிங்கள ஒரு டேபிள சுத்தி உக்கார வச்சு ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு விஸ்டேஜ்னு பெருசா ஓடுது, 1987ல தொழில்முனைவோருக்குன்னு ஈஓ வந்துச்சு. ஒய்பிஓவுல 45 வயசுக்குள்ள சேந்திருக்கணும், ஈஓவுல வருஷத்துக்கு பத்து லட்சம் டாலர் டர்ன்ஓவர் வேணும், நம்ம ரூபாய்ல எட்டு கோடிக்கு மேல. அந்த கட்டத்துக்குள்ள வராத ஆளுங்கள புடிச்சு அதே மாடல சின்னதா நடத்தறாங்க நம்மூர்க்காரங்க. நிறைய பேரு இத பிஎன்ஐ மாதிரின்னு நெனச்சுக்கறாங்க, அது வேற. அங்க வாராவாரம் காலங்காத்தால போய் ஒருத்தருக்கொருத்தர் ரெஃபரல் குடுத்துக்கணும், ஆர்டர் புடிக்கிறதுதான் வேலை. இங்க உள்ள இருக்கற மெம்பர்ஸ் ஒருத்தருக்கொருத்தர் பிசினஸ் பண்ணக்கூடாதுன்னே ரூல். ஆர்டர் வேணும்னு இதுல சேந்தா ஏமாந்துதான் போவீங்க.

ஃபீஸ் வருஷத்துக்கு ஒன்னரை லட்சத்துக்கு மேல, ப்ளஸ் 18% ஜிஎஸ்டி. கம்பெனி பேர்ல பில் வாங்கினா அந்த ஜிஎஸ்டிய இன்புட்டா கழிச்சுக்கலாம்னு சேக்கும்போதே சொல்லிடுவாங்க, என்னமோ அதனால ஃப்ரீயாவே ஆயிட்ட மாதிரி.

மீட்டிங் எப்படி நடக்கும்னா, எட்டு ஒம்பது பேரு, பேச்ச நடத்திக் குடுக்க ஒரு நடத்துனர். மொதல்ல சுத்தி ஒவ்வொருத்தரா போன மாசம் என்ன ஆச்சு, ராத்திரி எது தூக்கத்த கெடுக்குதுன்னு ரெண்டு நிமிஷம் பேசணும். அதுல ஒருத்தர் பிரச்சனைய எடுத்து ஒன்றரை மணி நேரம் பிரிச்சு மேயுவோம். இதுல ஒரு ரூல் இருக்கு பாருங்க, நீ இப்படி செய்னு யாரும் சொல்லக்கூடாது, மொதல்ல கேள்வி மட்டும் கேக்கணும், அப்புறம் எனக்கு இப்படி ஆச்சு நான் இத பண்ணேன்னு சொந்த அனுபவத்த மட்டும் சொல்லலாம். நம்மூர்ல அட்வைஸ் பண்ணாம ஒரு டீ குடிச்சு முடிக்க முடியுமா சொல்லுங்க, ஆரம்பத்துல எல்லாருக்கும் நாக்கு துறுதுறுன்னு இருந்துச்சு. ஆனா அந்த ரூல்தான் இந்த க்ரூப்போட உயிர்னு இப்ப தோணுது, ஏன்னா அட்வைஸ்னு வந்தா கேக்கறவன் வாய மூடிக்குவான், எனக்கும் இதே கதிதான்பான்னு ஒருத்தர் சொன்னா மிச்சத்த தானா கொட்டிடறான்.

கொட்டறதுல முக்காவாசி என்னன்னு நெனைக்கறீங்க? ஸ்ட்ராடஜி, விஷன் எல்லாம் கெடையாது. வர வேண்டிய காசு. லாபம் இருக்கு, ஆடிட்டர் பாத்துட்டு நல்லாருக்குங்கறாரு, கரண்ட் அக்கவுண்ட்ல ஒன்னும் இல்ல, இதான் டேபிள்ல இருந்த அத்தன பேருக்கும் ஒரே நோவு. 7ஆம் தேதி டிடிஎஸ், 15 பிஎஃப் ஈஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டி, நடுவுல சம்பளம், கஸ்டமர் காசு குடுத்தானோ இல்லியோ பில் போட்டாச்சுன்னா ஜிஎஸ்டி கட்டித்தான் ஆகணும். அந்தப் பக்கம் பர்ச்சேஸ் மேனேஜர் அடுத்த வாரம் சார்ங்கறாரு, அந்த அடுத்த வாரம் எந்த காலண்டர்லயும் இல்ல. பவுண்டரிக்காரர் ஒருத்தர் எங்க க்ரூப்ல, காஸ்டிங்குக்கு ஸ்க்ராப்பும் பிக் அயர்னும் ரொக்கமா வாங்கணும், வித்த காசு மூணு மாசம் நாலு மாசம் கழிச்சு வருது, நான் பவுண்டரி நடத்தல, பெரிய கம்பெனிங்களுக்கு வட்டியில்லா பேங்க் நடத்தறேன்னு சொன்னாரு, சிரிச்சுட்டுத்தான் சொன்னாரு.

சட்டம் இல்லாம இல்ல. சின்ன, நடுத்தர கம்பெனிங்களுக்குன்னு 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டப்படி வாங்கினவன் காசு குடுக்க, எழுத்துல ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள், இருந்தா அதிகபட்சம் 45 நாள், தாண்டினா ரிசர்வ் பேங்கோட பேங்க் ரேட்டு மாதிரி மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. 2017லருந்து அரசாங்கத்தோட ஆன்லைன் போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் போடலாம். தீர்ப்பு நமக்கு சாதகமா வந்து வாங்கினவன் அத எதுத்து கோர்ட்டுக்கு போனா 75% பணத்த மொதல்ல கட்டிட்டுத்தான் போகணும். கேக்க நல்லாத்தான் இருக்கு, டேபிள்ல எத்தன பேரு போட்டிருக்கீங்கன்னு கேட்டப்ப கை தூக்கினவங்க யாரும் இல்ல. கஸ்டமர் மேல கேஸ் போட்டுட்டு அடுத்த மாசம் செட்யூல் எங்கருந்து வரும்? அப்புறம் வருமான வரிச் சட்டத்துல 43பி ஹெச்னு ஒரு பிரிவு வந்துச்சு, 2023-24 கணக்கு வருஷத்துலருந்து, மைக்ரோ ஸ்மால் சப்ளையருக்கு டைம்ல குடுக்கலேன்னா அந்த செலவ குடுக்கற வரைக்கும் கணக்குல கழிக்க முடியாதுன்னு. அந்த மார்ச்ல சில பேருக்கு எதிர்பாக்காத காசெல்லாம் வந்து விழுந்துச்சு. இன்னொருத்தருக்கு என்ன ஆச்சு தெரியுமா, சின்ன கம்பெனின்னு காட்டற உங்க உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன கேன்சல் பண்ணிட்டு வாங்க, இல்லேன்னா ஆர்டர மீடியம் கம்பெனிக்கு மாத்திக்கறோம்னு போன் வந்துச்சு, ஏன்னா மீடியம் கம்பெனிக்கு அந்த ரூல் கெடையாது. நல்லது பண்ணப் போய் இப்படியும் ஒரு வழி கண்டுபுடிச்சாங்க.

நான் கட்டின ஃபீஸ் எனக்கு திரும்பி வந்தது இந்த சப்ஜெக்ட்லதான், அதனால இத கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன். ட்ரெட்ஸ்னு ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் குடுத்த ப்ளாட்ஃபார்ம்ங்க இருக்கு, ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் மாதிரி. நம்ம பில்ல கஸ்டமர் அதுல ஒத்துக்கிட்டா பேங்க்குங்க போட்டி போட்டு டிஸ்கவுண்ட் ரேட் குடுக்கும், சீக்கிரமே காசு அக்கவுண்ட்ல விழும். முக்கியமான விஷயம், நாளைக்கு கஸ்டமர் கட்டலேன்னாலும் பேங்க் நம்ம கழுத்த புடிக்க முடியாது. 250 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கற கம்பெனிங்க 2025 மார்ச் 31க்குள்ள இதுல பதிவு பண்ணியே ஆகணும்னு ரூல் வந்துச்சு, முன்னாடி 500 கோடியா இருந்துச்சு. இதெல்லாம் பேப்பர்ல எல்லாரும் படிச்சிருப்பீங்க. க்ரூப்ல கெடச்சது பேப்பர்ல வராத விஷயம். பதிவு பண்ணிட்டா போதாது, நம்ம பில்ல அவங்க அக்செப்ட் பண்ணணும், அதுக்கு பர்ச்சேஸ் ஆளுங்ககிட்ட தொங்கிட்டு இருந்தா நடக்காது, அவங்க ஃபைனான்ஸ்ல போய் பேசணும், உங்க க்ரெடிட் டேஸ நான் கம்மி பண்ணச் சொல்லல, நீங்க அதே நாள்ல கட்டுங்க, எனக்கு மட்டும் முன்னாடி கெடைக்கட்டும்னு இந்த ஒரு வரிய சொல்லணும். ஏற்கெனவே செஞ்ச ஒருத்தர் அந்த வரிய அப்படியே சொல்லிக் குடுத்தாரு. ஒரு கஸ்டமர்கிட்ட ஒர்க் அவுட் ஆயிடுச்சு, இன்னொருத்தர் இன்னும் பாக்கலாம்னே சொல்லிட்டு இருக்காரு.

அடுத்தது ஆளு. சிஎன்சி ஆபரேட்டர ஒரு வருஷம் கூட வச்சு ட்ரெயினிங் குடுத்தா ரெண்டாயிரம் சேத்து தர்றேன்னு பக்கத்து ஷெட்டுக்காரன் கூட்டிட்டு போயிடறான், நாமளும் இன்னொரு ஷெட்லருந்து அப்படித்தான் கூட்டிட்டு வர்றோம், இதுல யாரும் யோக்கியம் இல்ல. வடக்கத்தி பசங்க ஹோலிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்கு போனா எப்ப வருவாங்கன்னு தெரியாது. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல வடநாட்டு ஆளுங்கள அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ சுத்துச்சே, அந்த டைம்ல லேபர் குவார்ட்டர்ஸ்ல போய் பசங்களோட உக்காந்து, அவங்க அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, தெரிஞ்ச ரெண்டு வார்த்த ஹிந்தில நம்பிக்கை குடுத்தேன்னு ஒருத்தர் சொன்னாரு. எந்த எம்பிஏலயும் இது சிலபஸ்ல இருக்காது. 2025 நவம்பர் 21ல புது லேபர் கோடுங்க, அதாவது தொழிலாளர் சட்டங்க, அமலுக்கு வந்தப்ப ஒரு முழு மீட்டிங் அதுக்கே போச்சு, மொத்த சம்பளத்துல பாதிக்கு மேல அலவன்ஸா காட்டினா அந்த மிச்சமும் வேஜஸ் கணக்குல வந்துடும், பிஎஃபும் கிராச்சுட்டியும் ஏறும்னு ஆளாளுக்கு கால்குலேட்டர எடுத்துட்டாங்க. உபயோகமா இருந்துச்சு, ஆனா அதுக்கு ஒரு நல்ல கன்சல்டன்ட் போதும், க்ரூப் தேவையில்ல.

கரண்ட் பில்லப் பத்தி எழுத ஒன்னும் இல்ல. 2022 செப்டம்பர் ஏத்தத்துக்கு அப்புறம் டிமாண்ட் சார்ஜும் பீக் ஹவரும் கோயம்புத்தூர்ல எந்த டீக்கடைல கேட்டாலும் சொல்லுவாங்க.

திருப்பூர்க்காரர் ஒருத்தர் இருக்காரு, பனியன் எக்ஸ்போர்ட். அமெரிக்காக்காரன் 2025 ஆகஸ்ட் 7ல 25%, 27ஆம் தேதி இன்னொரு 25%னு மொத்தம் 50% வரி போட்டப்ப அவருக்கு நூல் வாங்கியாச்சு, துணி சாயம் போட்டாச்சு, பாதி கட்டிங் முடிஞ்சு லைன்ல தச்சுட்டு இருக்காங்க. பையர் டிஸ்கவுண்ட் கேக்கறான், பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் 20%தான்னு ஞாபகப்படுத்தறான் வேற. அன்னிக்கு அந்த மனுஷன் பேசறப்ப ஏசி ரூம்ல வேர்த்துச்சு. யாரும் ஆறுதல் சொல்லல, அதுதான் எனக்கு புடிச்சது. கேள்வியா கேட்டாங்க. எந்த ஸ்டைல்ல இன்னும் எவ்வளவு செலவு பாக்கி? இப்ப நிறுத்தினா கையில நிக்கற துணி மதிப்பு எவ்வளவு? தச்சு டிஸ்கவுண்ட்ல அனுப்பினா கையில என்ன நிக்கும்? லைன நிறுத்தினா தையல்காரங்க திரும்ப வருவாங்களா? ஒயிட் போர்டுல ஸ்டைல் வாரியா எழுதினோம். சிலத அனுப்பலாம், ஒன்ன நிறுத்தலாம்னு அவரே முடிவுக்கு வந்தாரு. அமெரிக்கா ஒன்னையே நம்பி இருக்கறதப் பத்தி ஏற்கெனவே அவர்கிட்ட பத்து பேர் அட்வைஸ் பண்ணியிருப்பாங்க, அன்னிக்கு அவருக்கு தேவைப்பட்டது அந்த போர்டுதான்.

இதவிட பெரிய விஷயம் ஒன்னு இருக்கு, அது சேர்ற அன்னிக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. அப்பா. எங்க டேபிள்ல பாதிப் பேரு ரெண்டாந்தலைமுறை. அம்பது வயசு ஆளு, முந்நூறு பேருக்கு சம்பளம் போடறவரு, செக்குல கையெழுத்து இன்னும் அப்பாதான். அப்பா காலைல பத்து மணிக்கு வந்து ஆபீஸ்ல பேப்பர் படிச்சுட்டு, நேரா ஷாப் ஃப்ளோருக்கு போய் பழைய ஃபோர்மேன்கிட்ட இவரு போட்ட ப்ளான மாத்தி சொல்லிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு போயிடுவாரு. எதுத்து பேசவும் முடியாது, ஒரு லேத்த வச்சு ஆரம்பிச்சவரு அவரு. இன்னொரு பக்கம் பாத்தா பையன் கனடாவுல இருக்கான், வர மாட்டேங்கறான், அப்ப நான் யாருக்காக புது விஎம்சி மெஷினுக்கு லோன் போடறேன்னு ஒருத்தர் கேட்டாரு, ரூம்ல பதில் இல்ல. அண்ணன் தம்பி பாகப் பிரிவினை, மருமகன் உள்ள வரலாமா கூடாதா, அக்காவுக்கு ஷேர் உண்டா, இதெல்லாம் ஆடிட்டர்கிட்ட பேசினா வரியப் பத்தி பேசுவாரு, சொந்தக்காரங்ககிட்ட பேசினா ஊருக்கே தெரிஞ்சுடும். இந்த டேபிள்ல பேசலாம். என்னைக் கேட்டா இதுக்கு மட்டுமே ஃபீஸ்ல பாதி தகும்.

எங்க க்ரூப்ல ஒரே ஒரு லேடி மெம்பர், மசாலா பாக்கிங் யூனிட் வச்சிருக்காங்க. புது பேங்க் மேனேஜர் யூனிட்டுக்கு வந்து, சார் எப்ப வருவாருன்னு கேட்டாராம். நாந்தாங்க சார்னு சொன்னாங்களாம். பத்து கோடி வரைக்கும் லோனுக்கு கேரண்டி ஸ்கீம் இருக்கு, சொத்து அடமானம் வேண்டாம்னு பேப்பர்ல போடறாங்க, ப்ராஞ்ச்ல போனா வீட்டுப் பத்திரம் இருக்காங்கன்னுதான் மொதல் கேள்வின்னும் சொன்னாங்க. அதுக்கு எல்லாரும் தலையாட்டினோம். வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கறது வீட்ல தெரியும், சிசி லிமிட்ங்கற பேங்க் கடன் எவ்வளவு வழிஞ்சு நிக்குதுன்னு தெரியாது, இது எங்க டேபிள்ல நிறைய பேரோட நெலம.

இப்ப குறை. மூணு மாசத்துக்கு ஒரு தடவ வெளிய இருந்து ஸ்பீக்கர் வருவாரு. அஞ்சுக்கு ரெண்டு மார்க். ஒருத்தர் வந்து ஹார்வர்டுக்காரங்க 27 சிஇஓங்கள ஆளுக்கு 13 வாரம் கணக்கெடுத்தாங்க, வாரத்துக்கு 62.5 மணி நேரம் வேல, அதுல 72% மீட்டிங்லயே போகுதுன்னு ஸ்லைடு போட்டாரு. அதெல்லாம் பல்லாயிரம் கோடி கம்பெனிங்க, நம்ம மீட்டிங் எல்லாம் மெஷின் பக்கத்துல நின்னுட்டே, இல்லேன்னா ஈபி ஆபீஸ்ல. ஆனா அதே ஸ்லைடுல கஸ்டமரோட செலவழிக்கறது 3% தான்னு இருந்துச்சு, அது மட்டும் சுருக்குன்னு குத்துச்சு, ஒத்துக்கறேன். இன்னொருத்தர், 2024 ஜனவரில பிடபிள்யூசி கேட்ட சர்வேல 45% சிஇஓங்க இப்படியே போனா பத்து வருஷத்துக்கு மேல எங்க கம்பெனி தாங்காதுன்னு சொன்னதா சொன்னாரு. பின்னாடி பெஞ்ச்லருந்து ஒருத்தர், பத்து வருஷம் இருக்கட்டும் சார், வர்ற பத்தாந்தேதிக்கு ஒரு வழி சொல்லுங்கன்னாரு. அதுக்கப்புறம் அந்த செஷன் தேறல. ஏஐ பத்தி ஒரு செஷன், பயமுறுத்தவே வந்த மாதிரி. கடைசில உருப்படியா கெடச்சது என்னன்னா, ஃபாரின் கஸ்டமருக்கு இங்கிலீஷ்ல மெயில் எழுத அத யூஸ் பண்றோம்னு ரெண்டு மெம்பர் சொன்னதுதான்.

நடத்துனர் விஷயத்துல கோவமே இருக்கு. மொதல்ல இருந்தவரு சொந்தமா ஃபேக்டரி நடத்தி, வித்துட்டு வந்தவரு, ஒரு வார்த்தைல ஆள புடிச்சுடுவாரு. நடு வருஷத்துல அவர மாத்திட்டு பெரிய கம்பெனி ஹெச்ஆர்ல இருந்தவர போட்டாங்க. நல்ல மனுஷன், ஆனா தன் பாக்கெட்லருந்து ஒரு மாசம் கூட சம்பளம் போட்டதில்ல, அது பேச்சுல தெரியுது. அதோட அவருக்கு எல்லாமே இங்கிலீஷ்ல நடக்கணும். தறிப்பட்டறை வச்சிருக்கற ஒருத்தர் அவர் வந்ததுலருந்து ஊமையாயிட்டாரு, ப்ரேக்ல காபி கையில வச்சுட்டு தமிழ்ல பேச ஆரம்பிச்சா அவர்கிட்டருந்துதான் அன்னிக்கு மீட்டிங்கோட நல்ல விஷயமே வரும்.

மேல விக்கற தொல்லை வேற. ஒன் டு ஒன் கோச்சிங், ஆளோட குணத்த அளக்கற டெஸ்ட், தாய்லாந்துல ரிட்ரீட், எல்லாம் தனி காசு. ஒவ்வொரு மீட்டிங் முடிவுலயும் பத்து நிமிஷம் இதுக்கு போகுது.

ரொம்ப சீரியஸான குறை ஒன்னு. புதுசா ஒருத்தர சேத்தாங்க, அவரு ஏற்கெனவே இருக்கற ஒரு மெம்பரோட கஸ்டமர். சேக்கறதுக்கு முன்னாடி யாரும் செக் பண்ணல. எனக்கு உங்ககிட்டருந்துதான் பேமென்ட் வரல, அதான் தூக்கம் வரலேன்னு அவர் மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? அந்த பழைய மெம்பர் ரெண்டு மீட்டிங்ல எல்லாம் நல்லா போகுதுன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு, எங்களுக்கு காரணம் புரிய கொஞ்ச நாள் ஆச்சு. ஆபீஸ்ல சொன்னப்ப, ரெண்டு பேரும் மெச்சூர்டா ஹேண்டில் பண்ணிக்குவாங்கன்னு பதில். எங்க ஆளுங்களே சண்டை போட்டு அந்த புது ஆள வேற க்ரூப்புக்கு மாத்த வச்சோம். உள்ள யார் யாரு இருக்காங்கங்கற லிஸ்ட்ட காட்டாம காசு கேட்டா குடுக்காதீங்க, இந்த ரிவ்யூல ஒன்னே ஒன்னுதான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இத வச்சுக்கோங்க.

யாருக்கு ஒத்து வரும்? நீங்க இல்லேன்னா ஒரு வாரம் கம்பெனி ஓடாதுங்கற நெலமைல இருக்கீங்க, பார்ட்னர் இல்ல, இருந்தாலும் பேச்சுவார்த்த இல்ல, அப்படின்னா ஒரு வருஷம் போய்ப் பாருங்க. ஆரம்பிச்சு ரெண்டு வருஷமே ஆனவங்களுக்கு இந்த காசு ஜாஸ்தி, கொடிசியா மாதிரி சங்கத்துல சேந்து நாலு பேரோட பழகினாலே ஆரம்பத்துக்கு போதும். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே க்ரூப்ல சேர வேண்டாம், கண்டிப்பா வேண்டாம். சேர்றதுக்கு முன்னாடி ஒரு மீட்டிங்ல சும்மா உக்காந்து பாக்க விடச் சொல்லுங்க, பெரும்பாலும் விடுவாங்க. நடத்தறவரு யாரு, வருஷம் முழுக்க அவரேதான் இருப்பாரான்னு எழுத்துல கேளுங்க. ஃபீஸ ரெண்டா பிரிச்சு கட்டறேன்னா மொதல்ல முடியாதும்பாங்க, அப்புறம் ஒத்துக்குவாங்க, எல்லாரும் வியாபாரிங்கதான.

மொத்தமா அஞ்சுக்கு மூணரை. அந்த மூணரையும் டேபிள்ல உக்காந்த ஆளுங்களுக்கு, நடத்தின கம்பெனிக்கு இல்ல. ரினியூவல் நோட்டீஸ் வந்திருக்கு, ஸ்பீக்கர் செஷன் இல்லாம வெறும் மாச மீட்டிங் மட்டும்னு ஒரு ரேட் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. கோவை, திருப்பூர், ஈரோடு சைடுல முழுக்க தமிழ்லயே நடத்தற க்ரூப் ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, தறிப்பட்டறைக்காரரையும் கூட்டிட்டு வர்றேன்.